கருதப்படும் மின்சாரம்

பக்கத்துக்கு நூற்றைம்பது ரூபாய் என்று பேசி முடித்தார்கள்.
இருநூற்றுப் பதினெட்டுப் பக்கம்.
தல்லாகுளத்தில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே என் அறை.
ஜன்னலுக்கு வெளியே ஒரு டிரான்ஸ்பார்மர்
நாள் முழுக்க
வாய்க்குள்ளேயே எதையோ முனகிக்கொண்டிருக்கும்.

எழுமலைக்குத் தெற்கே
அரசும் ஒரு கம்பெனியும் சேர்ந்து
நானூறு மெகாவாட் வெயிலைப் பிடிக்கப்போகிறார்கள்.
ஊர்க்காரர்கள் படித்துப் புரிந்துகொள்ள
ஒப்பந்தம் தமிழில் வேண்டுமாம்.

முதல் பக்கத்திலேயே மாட்டிக்கொண்டேன்.
'கூட்டாளி' என்று எழுதினால் திருட்டு வாடை.
'பங்காளி' என்றாலோ
வரப்புத் தகராறு, வாய்தா, வெட்டுக்குத்து.
'பங்குதாரர்' என்று போட்டுத் தப்பித்தேன்.

கம்பெனிக்கு 'சலுகை பெறுநர்' என்று பெயர்.
கடித உறையின் மேல் எழுதுவோமே, அந்தப் பெறுநர்.
அனுப்புநர் எங்கே என்று
பின்னிணைப்பு வரைக்கும் தேடினேன்.

ஏழாம் இணைப்பு, இடர்ப் பங்கீடு.
கடன் வட்டி ஏறினால் இவர் பாடு,
நிலம் கைக்கு வராவிட்டால் அவர் பாடு,
கண்ணாடித் தகட்டில் தூசி படிந்தால் இவர்,
சட்டம் மாறினால் அவர்.
இரண்டே பத்தி. மூன்றாவது பத்திக்கு
தாளில் இடமிருந்தது,
கோடுதான் போடவில்லை.

புயல், வெள்ளம், நிலநடுக்கம்:
'தெய்வச் செயல்', எவரும் பொறுப்பல்ல.
சர்வே எண் 214/3பி-யில்
அரிவாளோடு நிற்கும் கருப்பு மட்டும்
வில்லங்கம் என்ற தலைப்பின் கீழ் வந்திருந்தார்.

பதினான்காம் ஷரத்துக்கு இரண்டு நாள் ஆயிற்று.
கம்பெனி தயாராக இருந்து
வாரியம் வாங்க முடியாமல் போனால்
அந்த மின்சாரம் 'உற்பத்தியானதாகக் கருதப்படும்'.
கருதப்பட்ட யூனிட்டுக்கும்
முழு விலை உண்டு.
டீக்குப் போய்விட்டு வந்து மறுபடி படித்தேன்.
அதேதான்.

கருத்துக் கேட்புக் கூட்டம் கல்யாண மண்டபத்தில்.
முந்தின நாள் மாப்பிள்ளை பொண்ணு பெயர்கள்
தெர்மாகோலில் இன்னும் மேடை மேல்.
அதிகாரிகள் அதன் கீழே வரிசையாக.
வாசிக்கும் வேலையும் என் தலையில் விழுந்தது,
அதற்குத் தனிக்காசு பேசவில்லை.

பதினான்கை வாசித்ததும் பின்வரிசையில்
பச்சை நைலக்ஸ் சேலை ஒன்று எழுந்தது.
மைக் வருவதற்குள் ஆரம்பித்துவிட்டார் ஒச்சம்மாள்.

"வாங்காட்டியும் துட்டு உண்டா சார்?"

உண்டு என்றார் கம்பெனிக்காரர்.
வங்கி கேட்கும், உலக வழக்கம், என்றார்.

"நல்லது. போன வருசம் நாலு ஏக்கரு மக்காச்சோளம்.
நானும் தயாராத்தான் இருந்தேன்.
கோழித்தீவன ஏவாரிதான் வரல.
எனக்கும் அந்தப் பாயிண்டப் போடுங்க."

சிரிப்பு. மேடையிலும்தான்.
அவர் உட்காரவில்லை. என்னைப் பார்த்தார்.

"கருதப்படும், கருதப்படும்னு வாசிச்சீங்களே தம்பி,
எங்கூர்ல கருதுன்னா
காட்டுல நிக்கிறது.
கம்பங்கருது, சோளக்கருது.
ஒடிச்சுக் கையில பிடிக்கலாம்.
ஒங்க கருத யாரு அறுத்தா?"

அகராதி என் பையில் இருந்தது.
எடுக்கவில்லை.

கூட்ட நடவடிக்கையை ஆங்கிலமாக்கவும்
என்னையே கூப்பிட்டார்கள், பாதி ரேட்டுக்கு.
தமிழ் மூலத்தில் எவரோ இப்படி முடித்திருந்தார்:
'பெண்மணி ஒருவர் வேளாண் விலை குறித்துப் பேசினார்.
திட்டத்துக்குத் தொடர்பற்றது.
இதர ஆட்சேபணை இல்லாததாகக் கருதப்பட்டது.'

இருப்பதைப் பெயர்க்கத்தான் எனக்குக் கூலி.
ஆனாலும் ஒரு வரியைச் செருகினேன்,
அவர் கேட்டதை, கேட்டபடி.
கருது என்ற இடத்தில் ஆங்கிலம் நின்றுவிட்டது.
தமிழிலேயே விட்டேன்,
கீழே அடிக்குறிப்புக்கு ஒரு நட்சத்திரம் போட்டு.

குறிப்பு இன்னும் எழுதவில்லை.
நாளை பத்து மணிக்குக் கேட்டிருக்கிறார்கள்.
டிரான்ஸ்பார்மர் முனகிக்கொண்டிருக்கிறது.